ஆறு மாதத்திற்கென்று வந்த அம்மா

எழுதுகிறவர் ஒருவரே ஆயினும் இக்கட்டுரையில் "நாங்கள்" என்றே எழுதுகிறோம். டோம்பிவிலி நிலையத்தில் காலை எட்டு மணியையொட்டிப் புறப்படும் விரைவு வண்டியின் மாதர் பெட்டியில் ஏறி, மும்பைக் கோட்டைப் பகுதியில் உள்ள காரியாலயங்களுக்குச் செல்லும் தமிழ்த் தாய்மார் ஆறேழு பேர் இருக்கிறோம். ஒருவர் வீட்டுக் கதையை மற்றவர் அறிவோம்; எது யார் வீட்டில் நடந்தது என்பதே சில சமயம் மறந்துபோகும் அளவுக்கு அறிவோம். சென்ற மாதம் நம் சங்கத்து மாதர் கூட்டத்தில், "உத்தியோகமும் பார்த்துக்கொண்டு சிறு குழந்தைகளையும் எப்படித்தான் கவனித்துக்கொள்கிறீர்கள்?" என்று மூத்த அம்மையார் ஒருவர் வியந்து கேட்டார். "பழகிவிட்டது" என்று எங்களுள் ஒருவர் விடையிறுத்தார். கூட்டத்தினர் கைதட்டினர். வீட்டிற்குத் திரும்பிச் சிந்தித்தபோது அவ்விடை உண்மையன்று என்று தோன்றிற்று. உண்மையை எழுதிவிடலாம் என்று துணிந்தோம்.

எங்கள் இல்லத்தில் குழந்தைகள் இருவர். மூத்தவள் பள்ளிக்குச் செல்கிறாள். இளையவன் பாலர் வகுப்பில் இருக்கிறான். காலை நாலேமுக்காலுக்குக் கண் விழித்தால்தான் அன்றைய நாள் எங்கள் கைக்குள் நிற்கும். ஐந்து மணிக்கு எழுந்தால் அந்தக் கால்மணி நேரம் நாள் முழுவதும் எங்களைத் துரத்திக்கொண்டே வரும். ஓர் அடுப்பில் இட்லிக் கொப்பரை, மற்றோர் அடுப்பில் குக்கர். நான்கு டப்பாக்கள் திறந்த வாயுடன் மேடையில் வரிசையாகக் காத்திருக்கும். அவற்றுள் ஒன்றின் மூடி நாள்தோறும் காணாமற்போகும். மூத்தவளுக்குத் தலை பின்ன வேண்டும். இளையவனோ, முதல் நாள் போட்ட சட்டையைத்தான் மறுநாளும் போடுவேன் என்பான். ஆறே முக்காலுக்குப் பள்ளி வண்டி. அது தெருமுனையில் ஒலி எழுப்பும் அந்த ஒரு நிமிடத்தில், உலகில் உள்ள காலுறைகள் யாவும் ஒற்றையாகிவிடும்.

பிறகு எங்கள் வண்டி. டோம்பிவிலியிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் ஏறத்தாழ 48 கிலோமீட்டர். விரைவு வண்டியிலும் ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். மூவர் அமரும் பலகையில் நான்காமவராக ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தால் அது நல்ல நாள். "நான்காவது இருக்கை" என்பது மும்பை மின்வண்டியில் எழுதப்படாத சட்டம், கேட்டால் மறுக்கக்கூடாது. கடுஞ்சொல் பறக்கும் நாட்களும் உண்டு. ஆயினும் அப்பெட்டியினுள்ளேதான் எங்களிற் பலர் அன்றைய முதல் ஓய்வைக் காண்கிறோம். ஒருவர் பட்டாணி உரிப்பார்; ஒருவர் வெந்தயக் கீரை ஆய்வார்; ஒருவர் சகஸ்ரநாமம் சொல்வார்; ஒருவர் நின்றபடியே உறங்குவார். கேரட்டு நறுக்கும் கத்தியைக் கைப்பையில் வைத்திருக்கும் சகோதரி ஒருவர் எங்கள் பெட்டியில் மிகுந்த மரியாதைக்குரியவர். மேற்கு இரயில்வே 1992-ஆம் ஆண்டு மே 5 அன்று மாதர்க்கென்றே ஒரு முழு வண்டியை விட்டபோது அதைச் சலுகை என்று சிலர் எழுதினர். உண்மையில் அது வேலைக்குச் செல்லும் பெண்களின் தொகைக்கு இரயில்வே செய்த கணக்கு.

இவ்வளவும் எவரும் அறிந்தது. நாங்கள் சொல்ல வந்தது, நாங்கள் வண்டியில் இருக்கும் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் வீட்டிலுள்ள குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது.

2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது, முதல் இரு குழந்தைகளுக்கு. அதன் பயனை நாங்கள் நேரே பெற்றோம். நன்றியில்லாமல் பேச மாட்டோம். எங்களுக்கு முன்னிருந்தவர்கள் நிலையை எண்ணினால் நெஞ்சு நடுங்குகிறது. நூறாண்டுகளுக்கு முன் இதே பம்பாயின் பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார், தாம் திரும்பும்வரை குழந்தை அழாது உறங்கிக் கிடக்க வேண்டுமென்று அபின் கலந்த சிறு உருண்டையைக் கொடுத்துவிட்டு ஆலைக்குச் சென்றனர். அறியாமை என்று அதை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. வேறு வழி அவர்களுக்கு யார் காட்டினார்கள்? 1928-இல் பம்பாய்ச் சட்ட மன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை டாக்டர் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். 1929-இல் அது சட்டமாயிற்று. 1961-இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. அதன் ஏற்பாடுகள் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றன. ஆலைப் பெண்களுக்காகத் தொடங்கிய வாதத்தின் பயனை மின்வண்டியில் செல்லும் நாங்கள் அனுபவிக்கிறோம்.

ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு, குழந்தையின் கணக்கு வேறு. ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், பிறிதொன்றும் கொடாதீர்கள் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். விடுப்பில் நான்கு வாரத்தைப் பேற்றுக்கு முன்பே எடுத்துவிட்டால், குழந்தைக்கு ஐந்து மாதம் நிரம்பிய சில நாட்களிலேயே காரியாலயம் அழைக்கிறது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, பாலூட்டுவதற்கென நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை உண்டு என்கிறது சட்டம். மெத்தச் சரி. குழந்தை டோம்பிவிலியில், தாய் கோட்டையில். இடையே 48 கிலோமீட்டர். அந்த இடைவேளையில் நாங்கள் பழைய கோப்புகள் அடுக்கிய அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நாற்காலியை அண்டை கொடுத்து, பாலைப் பீய்ச்சிப் புட்டியில் அடைத்து வந்தோம். எந்தக் காரியாலயம் என்று கேளாதீர்கள். எங்களுள் மூவர் மூன்று காரியாலயங்களில் இதையே செய்திருக்கிறோம்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிலையங்களில் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் காரியாலயத்தில் அத்தனை பேர் இல்லை. இருந்தாலும் என்ன? ஐந்து மாதக் குழந்தையை மார்பில் அணைத்துக்கொண்டு காலை எட்டு மணிக் கூட்டத்தில் டோம்பிவிலியில் ஏற எந்தத் தாய் துணிவாள்? வேலையிடத்தில் தொட்டில் கட்டுவது ஆலையின் அருகே குடியிருந்தவர்களுக்கு ஏற்ற ஏற்பாடு. எங்களைப் போன்றோருக்குத் தொட்டில் வேண்டிய இடம் வீட்டருகில், நிலையத்திற்குச் செல்லும் வழியில்.

ஆகவே நாங்கள் ஊரிலிருந்து அம்மாவை அழைத்தோம்.

தமிழ்நாட்டை விட்டு வந்து குடியேறிய நம் இல்லங்களில் இஃது ஒரு பழைய முறை. முதல் ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவள், அடுத்த ஆறு மாதம் பிள்ளையைப் பெற்றவள் என்று மாறி மாறி வந்து தங்குவர். மூத்தவளுக்கு அவ்விதமே நடந்தது. இளையவன் பிறந்தபோது மாமியாருக்கு முழங்கால் வலி. மூன்றாம் மாடி ஏற இயலவில்லை. எனவே அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா மட்டும் வந்தார். நாகர்கோவில் விரைவு வண்டியில் வந்து, ஒரு தகரப் பெட்டியும், சுக்கும் வசம்பும் கட்டிய துணிமுடிப்பும், ஒரு சிறிய உரலுமாகக் கல்யாண் நிலையத்தில் இறங்கினார். "ஆறு மாசம் இருப்பேன். அதுக்குள்ள பிள்ளை தவழ்ந்திரும்" என்றார்.

மூன்று ஆண்டுகள் இருந்தார்.

அந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் வீடு எத்துணை ஒழுங்காக நடந்தது என்பதைச் சொல்லி முடியாது. குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் உண்டு, வேளைக்குக் கஞ்சி உண்டு, தாலாட்டு உண்டு. மாலை ஏழரைக்கு நாங்கள் கதவைத் திறந்தால் விளக்கேற்றியிருக்கும். குழந்தை கால் கழுவி, திருநீறு இட்டு அமர்ந்திருப்பான். அலுவலகத்தில் எங்கள் பணி உயர்ந்தது. "வீட்டு நினைப்பே இல்லாமல் வேலை செய்கிறவர்" என்று மேலதிகாரி எங்களைப் பாராட்டினார். அப்பாராட்டு யாருக்குரியது என்று அன்று நாங்கள் யோசிக்கவில்லை.

ஹிந்தியோ மராத்தியோ அம்மாவுக்கு வராது. கறிகாய்க்காரரிடம் விரலைக் காட்டியே பேரம் பேசினார். அதில் தோற்றதில்லை என்பது வேறு. பகல் முழுவதும் தமிழ் பேசுவதற்கு எதிரில் இருந்தது பேச்சு வராத குழந்தை ஒன்றுதான். எதிர் வீட்டு அம்மாள் அன்பாக வந்து அமர்வார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்துகொள்வர். ஊரில் ஆற்றுக்குப் போய் வரும் வழியில் பத்துப் பேரிடம் நின்று பேசும் பழக்கம் உள்ளவர் அவர்.

எங்கள் கணவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் இதைப் படித்துவிட்டார், ஆட்சேபம் இல்லை என்றார். அம்மா இருந்தவரை அவர் சமையலறைக்குள் வந்ததில்லை. வர விருப்பமில்லாமல் அன்று; அம்மா விடமாட்டார். மாப்பிள்ளை தேநீர்ப் பாத்திரம் கழுவுவதா என்று பறித்துக்கொள்வார். அம்மா வந்தது எங்கள் சுமையைக் குறைப்பதற்கென்றுதான் எல்லோரும் எண்ணினோம். எண்ணிப் பார்த்தால் எங்களுக்குக் காலை நாலேமுக்கால் மாறவில்லை; மாறியது அவருடைய காலைதான், ஏழு மணியாயிற்று. மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டதாகக் கண்டனர். 2024-இல் அது 289 என்றும் 88 என்றும் ஆயிற்று. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததென்று மகிழப் போனால் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! இக்கணக்கில் அம்மாக்களின் நிமிடங்களும் பெண்கள் பக்கத்திலேயே சேர்ந்துகொள்கின்றன. மகளுக்காக உழைத்தது என்று தனியாக ஒரு பத்தி அதில் இல்லை.

அப்பா ஊரில் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். "எனக்கென்ன குறை? மெஸ்ஸில் சாப்பாடு, நூலகத்தில் பத்திரிகை" என்று தொலைபேசியில் ஒவ்வொரு நாளும் சொல்வார். நாங்களும் நம்பினோம். நம்புவது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

மூன்றாம் ஆண்டு ஆவணி மாதத்தில், பக்கத்து வீட்டுப் பெண் வேறு ஏதோ பேசும்போது தற்செயலாகச் சொன்னாள்: பெரியவருக்குக் கண் புரை அறுவை நடந்து பத்து நாளாகிறது, சொட்டு மருந்தை அவள்தான் வேளைக்கு வந்து விட்டுப் போகிறாள், மும்பைக்குச் சொல்ல வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா தொலைபேசியைக் கீழே வைத்தார். அன்று இரவு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை இட்லி எடுத்துக்கொண்டே எங்கள் முகம் பாராமல் சொன்னார்:

"பிள்ளையைப் பார்க்க ஆளு வேணும்னா துட்டுக் குடுத்து வச்சுக்கிடலாம். அவுக கண்ணுல சொட்டு விடறதுக்கு யாரு இருக்கா?"

நாங்கள் அழுதோம் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் முதலில் வந்தது கோபம். காரியாலயத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் சமயம் அது. இன்னும் இரண்டு மாதம் இருக்கக்கூடாதா என்று வாய்விட்டே கேட்டோம். அம்மா பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டிருக்க வேண்டாம். அடுத்த வாரம் புறப்பட்டார். உரலை மட்டும் விட்டுச் சென்றார்.

காப்பகம் தேடும் படலம் தொடங்கிற்று. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் பெரிய காரியந்தான். ஆயினும் அது பகலில் சில மணி நேரமே திறந்திருக்கும். கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 1969-இல் டில்லியில் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் போன்ற தொண்டு நிறுவனங்கள் எங்களைவிட வறியவர்க்கானவை. அவர்கள் இடத்தை நாம் கேட்பது முறையன்று. கண்ணாடிக் கதவும் வண்ணச் சுவரும் உடைய ஒரு காப்பகத்தில் மாதக் கட்டணம் கேட்டதும் படியிறங்கி வந்துவிட்டோம். இறுதியில் எதிர் வீட்டு அம்மாள் கைகாட்டினார்: இரண்டு தெரு தள்ளி ஒரு மராத்திய அம்மையார் தம் வீட்டிலேயே ஒரு "பாளணாகர்" நடத்துகிறார். பாளணா என்றால் தொட்டில், கர் என்றால் வீடு. டோம்பிவிலி, தானே, தாதர் எங்கும் இத்தகைய தொட்டில் வீடுகளைக் காணலாம். இவையும், சப்பாத்தியும் கறியும் செய்து விற்கும் "போளி பாஜி" கடைகளும் இல்லையேல் இம்மாநகரின் காரியாலயங்களிற் பாதி காலியாகக் கிடக்கும் என்பது எங்கள் துணிபு.

அவ்வம்மையாரைக் குழந்தைகள் "காக்கூ" என்று அழைக்கின்றனர். பன்னிரண்டு குழந்தைகள், ஒரே கூடம், சுவரோரம் பாய்கள். முதல் வாரம் எங்கள் மகன் கதவைப் பற்றிக்கொண்டு கதறினான். திரும்பிப் பாராமல் நடக்கும்படி காக்கூ சொன்னார், நடந்தோம். தெருமுனை திரும்பும்வரை அழுகை கேட்டது. வண்டியில் பட்டாணி உரிக்கும் சகோதரி, "என் மகள் எட்டு நாள் அழுதாள்; ஒன்பதாம் நாள் எனக்குக் கையசைக்கவே இல்லை. அதுதான் அதைவிடக் கஷ்டம்" என்றார். அவர் சொன்னவாறே ஆயிற்று.

மழைக்காலத்தில் ஒரு நாள் தண்டவாளத்தில் நீர் ஏறி, தானேக்கும் திவாவுக்கும் இடையில் வண்டி நின்றுவிட்டது. பெட்டியில் இருந்த மூத்தவர்கள் வழக்கம்போல் 2005 ஜூலை 26-ஐப் பற்றிப் பேசத் தொடங்கினர்; அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது, விடிய விடியத் தண்டவாளத்தில் நடந்து வீடு சேர்ந்தோம் என்றனர். எங்களுக்கு அக்கதை காதில் ஏறவில்லை. கணவருக்கு அம்பர்நாத்தில் இரவு வேலை. கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துகொண்டிருந்தது. பத்தரை மணிக்குத் தொட்டில் வீட்டுக் கதவைத் தட்டியபோது, மகள் காக்கூவின் மடியில் தலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மகன் நெய் விட்ட பருப்புச் சாதம் உண்டு உறங்கியிருந்தான். அதிக நேரத்திற்குக் கட்டணம் நீட்டினோம். காக்கூ வாங்கவில்லை. "மழைக்குமா காசு?" என்றார், அவர் மொழியில்.

இங்கு ஒரு சொல் இடையே. நம் சங்கத்து மண்டபம் திங்கள் முதல் வெள்ளி வரை பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவுதான். நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் நாற்பது பாய்கள் அங்கே விரிகின்றன. ஊரிலிருந்து வந்து பேச்சுத் துணையின்றிப் பகலைக் கழிக்கும் தாய்மார் இப்பகுதியில் பத்துப் பேரேனும் இருப்பர். நிர்வாகக் குழுவினர் இதை ஒரு கூட்டத்தில் எடுத்துக்கொண்டால் நாங்களும் வந்து பேசுவோம், ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணுக்கு மூன்று வயதில் ஒரு மகள். அக்குழந்தை எங்கள் வாயிற்படியில் அமர்ந்து பிஸ்கோத்துத் தின்னும். அதற்குத் தொட்டில் வீடு இல்லை. ஐந்து வீட்டு வாயிற்படிகள் இருக்கின்றன. எங்கள் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு காக்கூவுக்குப் போகிறது. இவளுக்கு நாங்கள் கொடுப்பது அதிற் பாதிகூட இல்லை. இதையும் எழுதாமல் விட்டால் கட்டுரை முழுமை பெறாது.

அம்மா சென்றபின் கணவர் சமையலறைக்குள் வந்தார். முதலில் வெங்காயம் நறுக்கினார். பிறகு மாவு அரைத்தார். உப்பு போட மறந்த நாட்களை நாங்கள் எண்ணி வைத்திருக்கிறோம், அவரும் எங்கள் குக்கர் அடிப்பிடித்த நாட்களை எண்ணி வைத்திருக்கிறார். இரவு வேலை இல்லாத வாரங்களில் மாலை ஆறரைக்குக் குழந்தைகளை அவரே அழைத்து வருகிறார். குழந்தைகளின் மொழி மாறிவிட்டது. மகனுக்குத் தாகம் எடுத்தால் "பாணி" என்கிறான். கோபம் வந்தால் முழுவதும் மராத்திதான். கனவில் மட்டும் தமிழில் பேசுகிறான் என்று மூத்தவள் சாட்சி சொல்கிறாள்.

சென்ற தீபாவளிக்கு அம்மா மீண்டும் வந்தார். இம்முறை அப்பாவும் உடன் வந்தார். கதவைத் திறந்ததும் மகன் ஓடி வந்து "ஆஜோபா!" என்று கட்டிக்கொண்டான். அப்பா திரும்பிப் பார்த்து, "யாருளா அந்த ஆஜோபா?" என்று அம்மாவைக் கேட்டார். மராத்தியில் தாத்தாவுக்கு அதுதான் பெயர் என்று சொன்னதும் இரண்டு முறை தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அம்மா உள்ளே வந்து அமர்வதற்கு முன்பே இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, திரும்பிப் போவதற்கான சீட்டுகள் இரண்டையும் எடுத்து நாட்காட்டியின் பின்னே செருகினார். இருபத்திரண்டு நாட்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கணவர் தோசை வார்த்தார். அம்மா சமையலறை வாயிலில் நின்று பார்த்தார். இருமுறை கை நீட்டினார், இருமுறையும் பின்வாங்கிக்கொண்டார். பிறகு கூடத்திற்குச் சென்று, அப்பாவின் தட்டின் எதிரே, மூன்றாண்டுகள் அவ்வீட்டில் அமர்ந்திராத இடத்தில் அமர்ந்து முதல் தோசையைத் தாமே உண்டார்.

அவர்கள் ஊருக்குப் புறப்பட்ட நாள் ஒரு புதன்கிழமை. எங்களுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கணவர் கல்யாண் வரை சென்று வண்டி ஏற்றிவிட்டு வந்தார். மறுநாள் மாலை ஏழு மணிக்கு, எங்கள் வண்டி காட்கோபரைத் தாண்டும்போது, அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளையளைக் கூப்பிட்டாச்சா?"

"நாங்கள் இன்னும் வண்டியில்தான் இருக்கிறோம் அம்மா. அவர் போயிருக்கிறார்."

சற்று நேரம் இரு வண்டிகளின் ஓசையே கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி. உங்கப்பா சாப்பிடுதாக. வைக்கட்டுமா?" என்றார்.